ஆடிப் புதன்

செவ்வாய்க்கிழமை சமயபுரத்து அம்மனைப் பார்க்க வந்த ஜனம் லாட்ஜுகளில் படுத்து எழுந்த விரிப்பெல்லாம் புதன்கிழமை விடிவதற்குள் கொள்ளிடக்கரை லாண்டரியில் வந்து இறங்கிவிடும். ஆடி மாதமென்றால் கேட்கவே வேண்டாம். மூட்டையை அவிழ்த்ததும் முதலில் மஞ்சள் வாசனை வரும். அதற்குப் பின்னால் வேப்பிலை, வியர்வை, குழந்தை மூத்திரம், மாவிளக்கிலிருந்து வழிந்த நெய். தலையணை உறைகள்தான் பெரிய பாடு. மொட்டைத் தலையில் பூசிய சந்தனம் காய்ந்து பொருக்காய் ஒட்டியிருக்கும். அதோடு சேர்ந்து வெட்டுமுடி. அது விரலிடுக்கில் ஏறினால் கண்ணுக்கும் தெரியாது, கையை விட்டும் போகாது.

பாய்லர் சூடேறும்வரை எல்லாரும் மூட்டை பிரிக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். மஹ்ஜபீன் அயர்ன் போடும் ரோலரில் நிற்பவள். இருந்தாலும் அந்த இருட்டு பிரியாத நேரத்தில் அவளும் தரையில் குந்தி, விரிப்புகளை உதறி, வெள்ளை வேறு, கறைபட்டது வேறு என்று பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். கண் இரண்டும் எரிந்தன. ராத்திரி அல்ஃபியா தூங்கவிடவில்லை. மூன்று மாதம் முடிந்து நாலாம் மாதம் நடக்கிற பிள்ளை. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. புருஷன் வசீம் சின்னக்கடை வீதித் துணிக்கடையில் நிற்கிறவன். ஆடித் தள்ளுபடி முடிகிற வரைக்கும் அவனைப் பகலில் பார்ப்பதே அபூர்வம். அதனால் பிள்ளையும் அவளோடு வேலைக்கு வந்துவிடும்.

துணி மடிக்கிற கொட்டகை விட்டத்தில் தூளிகள் வரிசையாகத் தொங்கின. லாட்ஜ்காரன் கழித்துப்போட்ட கிழிசல் விரிப்பில் கட்டியவை. பாய்லருக்குப் போடும் ஈர விறகின் புகையை ஆடிக்காற்று வாரிக்கொண்டுவந்து அந்தக் கொட்டகைக்குள்தான் கொட்டும். பிள்ளைகள் இருமும். தாய்மார்கள் இங்கிருந்தே காதைத் தீட்டிக்கொள்வார்கள். யார் இருமல் யாருடையது என்று அவரவருக்குத் தெரியும்.

சூப்பர்வைசர் அற்புதசாமி டீ டம்ளரோடு வந்தார். மஹ்ஜபீன் எழுந்து போய் நின்றாள்.

"அண்ணே, பத்து மணிக்குப் போயிட்டு ஓடி வந்துடறேண்ணே. பிள்ளைக்கு ரெண்டாவது ஊசி. நிமோனியா ஊசியும் அதுலதான் இருக்காம். நர்ஸம்மா ரெண்டு தடவ போன் பண்ணிட்டாங்க."

"போன புதன்கிழமையும் இதத்தான் சொன்ன."

"போன புதன்கிழமையும் நீங்க விடலையேண்ணே."

அவர் டீயை ஊதினார். பொல்லாத மனுஷன் இல்லை. இவர்களைப் போலவே ஒண்டுக்குடித்தனத்திலிருந்து வருகிறவர்தான்.

"எங்கிட்ட கேட்டு என்னம்மா பிரயோஜனம்? புதன்கிழமை ஒரு ஆள் நகரக்கூடாதுன்னு சார் உத்தரவு. ஆடி முடியட்டும்."

"ஆடி முடியுற வரைக்கும் பிள்ள வளராம நிக்குமாண்ணே?"

அவர் டம்ளரோடு பாய்லர் பக்கம் நடந்தார். புதன்கிழமை வராதவளுக்கு அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமைச் சம்பளமும் கிடையாது என்று போன வருஷம் ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். புது ரோலர் வந்தபோது ஆளையும் குறைத்துவிட்டார்கள். ஆக, ஒருத்தி போனால் அவள் வேலை பக்கத்தில் இருப்பவள் முதுகில் ஏறும். அதனால் யாரும் போவதில்லை.

அந்தப் பக்கத்தில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவதும் புதன்கிழமைதான். காலையில் நர்ஸ் சத்யபாமா ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கன்வாடிக்கு வந்து உட்காருவாள். அம்மனுக்குக் கூட்டம் செவ்வாய், அழுக்கு புதன், ஊசியும் புதன். எவரும் கூடிப் பேசிச் செய்த சதி இல்லை இது. ஆனாலும் நடுவில் மாட்டிக்கொண்டது அந்தத் தூளிகளில் கிடந்த பிள்ளைகள்.

லூர்து அன்றைக்குப் பிந்தித்தான் வந்தாள். துவைக்கிற மெஷினில் ஈரத்துணியை வாரிப்போட்டு வாரிப்போட்டு தோள் இரண்டும் ஆம்பிளைத் தோளாகிவிட்டவள். அவள் பிள்ளைகள் வளர்ந்து ஆளாகிவிட்டார்கள். வாய்க்குப் பயந்து அற்புதசாமியே அவளிடம் நேரம் கேட்கமாட்டார். அன்றைக்கு அவள் வாய் திறக்காமல் வந்து கொண்டையை முடிந்தாள்.

"என்னக்கா?" என்றாள் மஹ்ஜபீன்.

"லிசி வரமாட்டா. பிரான்சியப் பெரியாஸ்பத்திரில சேத்திருக்கு. மூச்சு வாங்குது. விலா எலும்புக்குக் கீழ குழி விழுந்து விழுந்து ஏறுது. நானும் கூடப் போயிட்டுத்தான் வரேன்."

பிரான்சி லிசியின் ஏழு மாதப் பையன். போன வாரம் முழுக்க மஹ்ஜபீன் பிள்ளைக்குப் பக்கத்துத் தூளியில் இருமிக்கொண்டு கிடந்தவன். லிசி ரோலரின் அந்தப் பக்கம் நிற்பவள். மஹ்ஜபீன் ஈர விரிப்பை இந்தப் பக்கம் கொடுத்தால், அவள் அந்தப் பக்கம் சுடச்சுட வாங்கி மடிப்பாள். அன்றைக்கு இரண்டு பக்கமும் மஹ்ஜபீனே. கொடுத்துவிட்டு ஓடி, வாங்கிவிட்டு ஓடி. நீராவி முகத்தில் அடித்தது. பதினொரு மணி வாக்கில் முழங்கைக்குக் கீழே ரோலர் விளிம்பு பட்டுத் தோல் சுருண்டது. தண்ணீரைக் காட்டிவிட்டு மறுபடி கொடுத்தாள். பத்து மணி எப்போது வந்து எப்போது போனது என்றே தெரியவில்லை.

சாயங்காலம் வேலை விட்டதும் அவளும் லூர்துவும் அல்ஃபியாவைத் தூக்கிக்கொண்டு புத்தூர்ப் பெரியாஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினார்கள். லூர்து பிள்ளையோடு வெளியில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டாள். மஹ்ஜபீன் மட்டும் வார்டுக்குப் போனாள்.

பிரான்சியின் மூக்கில் குழாய். வயிறு தவளை வயிறுபோல் ஏறி இறங்கியது. அழுவதற்கும் தெம்பில்லாமல் கண்ணை மட்டும் உருட்டினான். லிசி கட்டில் விளிம்பில் அவன் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நிமோனியாங்கறாங்க, ஜபீன். ஊசி போட்டீங்களான்னு கேக்கறாங்க. எல்லாம் போட்டாச்சுன்னு சொன்னேன். கார்டக் காட்டுன்னாங்க."

"போட்டியா?"

"பொறந்தப்ப ஆஸ்பத்திரில போட்டது. அப்பறம் ஞாயித்துக்கிழம டோல்கேட்டுல சொட்டு மருந்து குடுத்தோம்ல. சுண்டுவிரல்ல மை வச்சாங்களே."

மஹ்ஜபீனுக்கு அந்த ஞாயிறு ஞாபகம் வந்தது. லாண்டரித் தாய்மார்கள் எல்லாரும் தலைக்குப் பூ வைத்துக்கொண்டு, பிள்ளைகளுக்குப் பவுடர் அடித்து, கல்யாணத்துக்குப் போவதுபோல் சேர்ந்து போனார்கள். அவளுக்கு அப்போது பிள்ளை வயிற்றில். வாரத்தில் அவர்களுக்கென்று இருந்தது அந்த ஒரு நாள். ஞாயிற்றுக்கிழமை கிடைத்த மருந்து அது ஒன்றுதான். மை வைத்த விரலைத் தூக்கிக் காட்டி, வோட்டுப் போட்டாச்சு என்று சிரித்தார்கள். அதோடு பிள்ளைக்குப் பண்ண வேண்டியதெல்லாம் முடிந்தது என்று நினைத்துவிட்டார்கள்.

ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் பெண் சின்ன வயசுக்காரி. அவளுக்கும் காலையிலிருந்து உட்கார நேரமில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"அது போலியோவுக்கும்மா. இது நிமோனியாவுக்குப் போடற ஊசி. ஒன்றரை மாசத்துல ஒண்ணு, மூன்றரை மாசத்துல ஒண்ணு, ஒன்பது மாசத்துல ஒண்ணு. போட்டிருந்தா வந்தே இருக்காதுன்னு நான் சொல்லமாட்டேன். ஆனா இவ்வளவு முத்தாம இருக்க நெறய வாய்ப்பு இருந்துச்சு. குணமானதும் கண்டிப்பாப் போடணும். ஏன் போடாம விட்டீங்க?"

லிசி தலையைக் குனிந்துகொண்டாள். "புதன்கிழமைங்க" என்றாள்.

டாக்டருக்குப் புரியவில்லை. அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பாலத்துக்குக் கீழே காவிரி இரண்டு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. மஹ்ஜபீன் வெளியே பார்க்கவில்லை. அல்ஃபியாவின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள். எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள்.

"சும்மா இரு. தூங்குற பிள்ளைய எழுப்பாத" என்றாள் லூர்து.

"முத ஊசி போட்டாச்சுக்கா. பாலக்கரைல அம்மா வீட்ல இருக்கறப்ப போட்டது. ரெண்டாவதுதான்."

"எனக்குத் தெரியும். அப்பாவி மாதிரி அந்த அற்புதத்துகிட்ட கெஞ்சிக்கிட்டு நின்னியே, பாத்தேன். ஒவ்வொருத்தியாப் போயிக் கெஞ்சினா, ஒவ்வொருத்தியா இல்லன்னு சொல்லிட்டுப் போயிடறான்."

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் லூர்து டிபன் டப்பாவைத் திறக்காமல் நடுவில் நின்றாள்.

"ஏய், இங்க பாருங்கடி. சொட்டு மருந்து மட்டும் குடுத்துட்டு ஊசி பூரா முடிஞ்சுதுன்னு இருக்கறவளுங்க கையத் தூக்குங்க."

முதலில் யாரும் தூக்கவில்லை. பிறகு மூலையில் ஒரு கை. அப்புறம் ஒவ்வொன்றாய். சோற்றுக் கையைத் தூக்கினவளும் உண்டு. ஒருத்தி, "எம் மாமியாதான் சொன்னிச்சு, மை வச்சாச்சுல்லன்னு" என்றாள்.

"உம் மாமியாளத் திட்டறதுக்கு இன்னொரு நாள் வச்சுக்கலாம். அவ டாக்டருக்குப் படிக்கல. நீயும் படிக்கல. புதன்கிழமை கால் கடுக்க இங்க நின்னா எவளுக்கு எது தெரியும்?"

கைப்பிள்ளை இல்லாதவர்களும் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி, தலைநரைத்தவள், "அவளுங்க போனா வேல எங்க தலையிலதான விழும்?" என்று முணுமுணுத்தாள். நியாயமான கேள்விதான். லூர்து அவளை அதட்டவில்லை.

"விழும். ஆடிப் புதன் காலையில விழும். உன் மருமக முழுகாம இருக்கா. அவ பிள்ளைக்கு ஊசி போடறப்ப யார் தலையில விழும்னு நெனக்கற?"

கிழவி சோற்றைப் பிசைந்தாள். "சரி, கேளு. நானும் நிக்கறேன்" என்றாள்.

முதலாளி ஜனார்தன் வெள்ளிக்கிழமை காலையில் பெருமாள் கோயிலில் விடியற்கால விஸ்வரூப தரிசனம் சேவித்துவிட்டு நேரே வருவார். நெற்றியில் திருமண் பளிச்சென்றிருக்கும். சத்தம் போட்டுப் பேசமாட்டார். அன்றைக்கு வந்து பார்த்தால் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"என்னம்மா லூர்து, வெள்ளிக்கிழமையும் அதுவுமா வேலையப் போட்டுட்டு நிக்கறேள்?"

"ஒரு விஷயம் சார். கைப்பிள்ளக்காரிங்க எல்லாரும் புதன்கிழமை காலையில ஊசி போடப் போயிட்டு வரணும். அவங்க வேலைய மத்தவங்க இழுத்துப் போட்டுச் செய்யறோம். அதுக்காக யார் சம்பளத்துலயும் கை வைக்கக்கூடாது."

"ஆடி முடியட்டும், பாத்துக்கலாம். மத்தியானத்துக்குள்ள விரிப்பு வரலேன்னா லாட்ஜ்காரன் வேற லாண்டரியப் பாத்துண்டு போயிடுவான். அப்பறம் உங்களுக்கு வேலை எங்கேந்து வரும்? பெரியாஸ்பத்திரில தினமும் போடறாளே. வியாழக்கிழமை போயேன்."

"வியாழக்கிழமை புத்தூர்லேந்து ஆஸ்பத்திரித் துணி வருது. வெள்ளி மறுபடி அம்மன் கூட்டம். சனிக்கிழமை பெருமாள் கோயிலுக்கு வர்றவங்க. நீங்களே ஒரு கிழமையச் சொல்லுங்க சார், போறோம்."

ஜனார்தன் அற்புதசாமியைப் பார்த்தார். அற்புதசாமி பாய்லரைப் பார்த்தார்.

மஹ்ஜபீன் ஓரடி முன்னால் வந்தாள். பேச வேண்டுமென்று நினைத்து வரவில்லை. இருந்தும் கேட்டுவிட்டாள்.

"உங்க பேத்திக்கு எந்தக் கிழமை சார் போட்டீங்க?"

"எங்க டாக்டர் ஞாயித்துக்கிழமை சாயங்காலமும் பாக்கறாரே" என்றார் அவர், யதார்த்தமாக. சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. "அது காசு குடுத்துப் போட்டுக்கறது."

"அதான் சார்" என்றாள் லூர்து. "ஞாயித்துக்கிழமைய வெலைக்கு வாங்க எங்களால ஆகல. அரசாங்கம் சும்மாத் தர்ற புதன்கிழமைய நீங்க எடுத்துக்கறீங்க."

"என்னை ராட்சசன் மாதிரி பேசாதே. லிசி குழந்தைக்காகக் காலைல பெருமாள்கிட்ட வேண்டிண்டுதான் வரேன்."

"வேண்டிக்குங்க சார். நாங்களும் வேண்டிக்கறோம். லீவு நீங்கதான குடுக்கணும்."

அவர் ஆபீஸ் ரூமுக்குள் போனார். கொஞ்ச நேரம் கழித்து மஹ்ஜபீனை மட்டும் கூப்பிட்டனுப்பினார். ஃபேன் காற்றில் அந்த ரூம் குளுகுளுவென்றிருந்தது. அவள் கதவுக்கு உள்ளே வந்தும் வராமலும் நின்றாள்.

"நீ வர புதன்கிழமை போயிட்டு வா. சம்பளம் பிடிக்கச் சொல்லலை. மத்தவாகிட்ட மட்டும் சொல்லிண்டிருக்காதே. எல்லாரையும் விட்டா நான் கடைய மூட வேண்டியதுதான். லூர்துக்கென்ன, கைக்கொழந்தையா இருக்கு? உன் கொழந்தைய நீ பாரு."

அன்றைக்கு வீட்டில் வசீம் வீங்கின காலைச் சுடுதண்ணீரில் வைத்துக்கொண்டு கேட்டான். "அப்பறம் என்ன யோசன? போட்டுட்டு வந்துடு. நம்ம பிள்ளைக்கு நடந்தாச் சரி."

"லிசி பிள்ளை?"

"அல்லா காப்பாத்துவான்."

"மத்ததுங்க?"

வசீம் தண்ணீரில் காலை அசைத்தான். "எனக்குத் தெரியல, ஜபீன். நின்னு நின்னு எனக்கு யோசிக்கவே முடியல" என்றான். அவளுக்கும் முடியவில்லைதான். ஒரு தலையணையில் தலையை வைத்தால் போதும் என்றிருந்தது. போய்விட்டு வந்துவிடலாம். ஒரு காலைப் பொழுது. யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. அப்படித்தான் நினைத்துக்கொண்டு படுத்தாள். பக்கத்தில் பிள்ளை இருமியது. ஒரே ஒரு இருமல். அதற்கப்புறம் தூக்கம் வரவில்லை.

சனிக்கிழமை ரோலர் ஓடிக்கொண்டிருக்கும்போதே லூர்துவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். லூர்து ஈரத்துணியைக் கீழே வைத்தாள்.

"போ. நான் கோவிச்சுக்கமாட்டேன். பிள்ள விஷயம்."

"போகத்தான்கா போறேன். ஆனா அவரு என்னய விடறது எம் பிள்ளைக்காக இல்ல. மத்தவங்கள விடாம இருக்கறதுக்கு. எல்லாரும் போவோம்."

லூர்து மறுபடி துணியை எடுத்தாள். "வாய் பேசாத பொண்ணுன்னு நெனச்சேன் உன்ன" என்றாள்.

புதன்கிழமை வந்தது. வேலைக்கு வராமல் இருக்கவில்லை அவர்கள். வழக்கம்போல் இருட்டிலேயே வந்து மூட்டை பிரித்தார்கள். சந்தனத்தைச் சுரண்டினார்கள். முதல் சுற்றுத் துணியைத் துவைத்துப் பிழிந்து ரோலரில் விட்டார்கள். பத்து மணிக்குத் தாய்மார்கள் கை கழுவிவிட்டுத் தூளிகளிலிருந்து பிள்ளைகளை எடுத்தார்கள்.

அற்புதசாமி வாசலை மறித்தார். குரலில் தெம்பு இல்லை. "வெளிய போனா திரும்ப உள்ள விடக்கூடாதுன்னு சார் சொல்லியிருக்காரும்மா. எம் பொழப்பையும் கொஞ்சம் பாருங்க."

"உன் பொழப்பும் எங்க பொழப்பும் ஒரே சட்டிதாண்ணே. தள்ளு" என்றாள் லூர்து. திரும்பி மற்றவர்களைப் பார்த்தாள். பிள்ளைக்காரிகளைத் திரும்ப விடமாட்டார்கள் என்றால் அவர்கள் வேலையை இழுத்துப்போட்டுச் செய்வதில் என்ன அர்த்தம்? அந்த நரைத்தலைக் கிழவிதான் முதலில் போய் ரோலர் சுவிட்சை அணைத்தாள். மெஷின்கள் ஒவ்வொன்றாக அடங்கின. அந்தக் கொட்டகையில் இவ்வளவு நிசப்தத்தை அவர்கள் கேட்டதே இல்லை. கொள்ளிடத்துத் தண்ணீர்ச் சத்தம் உள்ளேவரை வந்தது.

எல்லாரும் நடந்தார்கள். தாய்மார்கள் கை மாற்றி மாற்றித் தூக்கினார்கள். கிழவியும் ஒருத்தியின் பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஈரப் பாவாடையும் மஞ்சள் கறையுமாய் ஒரு கூட்டம் வருவதைப் பார்த்து டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

அங்கன்வாடி வாசலில் சத்யபாமா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தாள்.

"என்னம்மா, ஊரே வருது? போன் போட்டுப் போட்டுக் கை ஓய்ஞ்சுது எனக்கு. இப்ப மொத்தமா வந்தா மருந்துக்கு எங்க போவேன்?" என்று திட்டிக்கொண்டே, மருந்து கேட்டுப் போன் செய்தாள். "உக்காருங்க. கார்டு இல்லாதவங்களும் உக்காருங்க, பேரச் சொல்லுங்க, கம்ப்யூட்டர்ல பாத்துக்கலாம். யாரையும் திருப்பி அனுப்பமாட்டேன்."

அல்ஃபியாவின் இரண்டு தொடையிலும் ஊசி ஏறியது. ஒரு கணம் வாயைத் திறந்தபடி சத்தமில்லாமல் இருந்தாள். அப்புறம் வந்தது அழுகை, கூரை பிய்த்துக்கொண்டு போகிறாற்போல். மஹ்ஜபீனுக்குக் கண்ணீர் முட்டியது. பிள்ளைக்கு வலிக்கிறதே என்பதற்காக மட்டும் இல்லை.

"ராத்திரி காய்ச்சல் அடிக்கும், பயப்படாத. அதுக்குச் சொட்டு மருந்து தரேன். இங்கயே அரை மணி நேரம் இருந்துட்டுத்தான் போகணும். ஒன்பதாம் மாசம் முடிஞ்சதும் இன்னொண்ணு இருக்கு. அதுக்கும் வரணும்" என்றாள் சத்யபாமா.

காத்திருந்தபோது லூர்துவின் போனுக்கு லிசி பேசினாள். மூக்குக் குழாயை எடுத்துவிட்டார்களாம். பிரான்சி இரண்டு வாய் பால் குடித்தானாம். இன்னும் சில நாள் வைத்திருந்துதான் அனுப்புவார்கள். "வீட்டுக்கு வரட்டும், நான் தூக்கிட்டு வரேன் ஊசி போட" என்று கிழவி போனுக்குள் கத்தினாள்.

அவர்கள் திரும்பியபோது கேட் பூட்டியிருந்தது. வெயில் ஏறிவிட்டது. கேட்டுக்கு உள்ளே ஜனார்தனே நின்றார். கையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் எடுக்கவில்லை. அவருக்குப் பின்னால் விரிப்பு மூட்டைகள் பிரித்தது பாதி, பிரிக்காதது பாதியாய்க் கிடந்தன.

அவர் கம்பி வழியாக எல்லார் முகத்தையும் பார்த்தார். அவரும் களைத்துத்தான் போயிருந்தார்.

"இன்னிக்கு நடந்தத மறந்துடறேன். சம்பளமும் பிடிக்கலை. எல்லாரும் உள்ள வாங்கோ. லூர்து மட்டும் வேண்டாம்."

அற்புதசாமி பூட்டைத் திறந்தார். ஓர் ஆள் நுழையும் அளவுக்குக் கேட் விலகியது.

லூர்து புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "போங்கடி" என்றாள், சாதாரணமாக. "பிள்ளைங்கள வெயில்ல வச்சுக்கிட்டு நிக்காதீங்க. ஊசி போட்டாச்சுல்ல. வந்த வேல முடிஞ்சுது. எனக்கென்ன, கை கால் இருக்கு."

யாரும் அசையவில்லை. யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. போன் ஓய்ந்து மறுபடி அடிக்க ஆரம்பித்தது. அல்ஃபியாவின் உடம்பு லேசாகச் சுட ஆரம்பித்திருப்பது மஹ்ஜபீனின் கழுத்துக்குத் தெரிந்தது. உள்ளே கொட்டகை நிழல் கண்ணுக்கு எதிரே இருந்தது.

அவள் மதில் சுவரோரம் இருந்த கொஞ்ச நிழலில் போய் உட்கார்ந்தாள். முந்தானையை இழுத்துவிட்டுப் பிள்ளைக்குப் பால் கொடுக்கத் தொடங்கினாள். ஒவ்வொருத்தியாக வந்து அந்த நிழலில் நெருக்கி உட்கார்ந்தார்கள். இடம் போதவில்லை. கிழவி வெயிலில் உட்கார்ந்தாள்.

லூர்து மட்டும் நின்றுகொண்டிருந்தாள். "ஏண்டி, சொன்னாக் கேக்கமாட்டியா? உன் பிள்ளைக்குத்தான் போட்டாச்சே" என்றாள்.

மஹ்ஜபீன் நிமிர்ந்து பார்க்கவில்லை. சற்று நகர்ந்து பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டாள்.

"ஒன்பதாம் மாசம் இன்னொண்ணு இருக்குக்கா. அதுவும் புதன்கிழமதான். உக்காருங்க."